காவல் பிராணியின் உணவுக்கு ஒரு காவல்

தோட்டத்துச் சாளையில் பண்ணையம் செய்வோருக்கு நாயும், வீட்டில் தறி நெய்வோருக்குப் பூனையும் வெறும் செல்லப் பிராணிகள் அல்ல. தொழிலில் பங்குகொண்ட துணைகளாகும். பட்டியிலுள்ள ஆடுகளை இரவெல்லாம் காப்பது நாய். கஞ்சிப் பசை ஏற்றிய பாவு நூலைக் கடிக்க வரும் எலியை அடக்குவது பூனை. இவற்றுக்கு நாம் இடுவது ஒரு தட்டுச் சோறோ, களியோதான். அதுவும் அவற்றின் வாய்க்குப் போய்ச் சேருமுன் எறும்பு மொய்த்துவிடுகிறது.

இதற்கு நம்மில் பலர் கையாளும் பரிகாரம் தட்டைச் சுற்றி எறும்புப் பொடி தூவுவதாகும். இது மிகவும் ஆபத்தான காரியம். பொடி பிராணியின் காலில் ஒட்டுகிறது. காலை நக்குவது அதன் சுபாவம். நக்கியதும் விஷம் வயிற்றுக்குள் போய்விடுகிறது. சிந்திய பருக்கையைக் கொத்த வரும் கோழிக்கும் அதே கதிதான். முன்னாளில் தாராளமாகத் தூவப்பட்டு வந்த பி.எச்.சி. பொடியை அரசாங்கம் 1997ஆம் ஆண்டில் தடை செய்தது. ஆயினும் இன்று கடைகளில் கிடைக்கும் பொடிகளும் பூச்சிக்கொல்லிகளே. அவற்றுள் பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்குச் சிறிதும் ஒவ்வாதவை. வலிப்புக் கண்டு இறக்கவும் கூடும்.

எறும்பைக் கொல்வது நமக்கு அவசியமில்லை. அது வரும் வழியை அடைத்தால் போதும். பாலும் நெய்யும் வைக்கும் அலமாரியின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்திவைத்த நம் முன்னோர் இந்த உபாயத்தை நன்கு அறிந்திருந்தனர். கோட்டையைச் சுற்றிய அகழியைப் போன்றது அது. அதையே பிராணியின் தட்டுக்கும் அமைத்துக்கொள்ளலாம்.

செய்யும் விதம்

ஓர் அடிக்குக் குறையாத அகலமும் இரண்டு அங்குல விளிம்பும் உள்ள மண் தட்டு அல்லது பழைய பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளவும். அதன் நடுவில் இரண்டரை அங்குல உயரமுள்ள தட்டையான கல்லை வைத்து, அதன்மேல் அரை அடி அகலமுள்ள சோற்றுக் கிண்ணத்தை அமர்த்தவும். சுற்றிலும் ஓர் அங்குல ஆழத்துக்கு நீர் ஊற்றவும். கிண்ணத்தின் விளிம்பு வெளித்தட்டை எங்கும் தொடலாகாது. நாய் முட்டித் தள்ளும் என்று அஞ்சுவோர் கல்லைச் சிமெண்டினால் பதித்து, சில நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊறவைத்த பிறகு உபயோகிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒரு வைக்கோல் துரும்பு குறுக்கே விழுந்தாலும் அது எறும்புக்குப் பாலமாகிவிடும். நீர்மேல் படியும் தூசியும் அவ்வாறே. ஆகையால் நீரை நாள்தோறும் மாற்றுவது நலம். பிராணி அந்நீரைக் குடிக்கக்கூடுமாதலால் மண்ணெண்ணெய், பினாயில், சோப்பு எதையும் அதில் கலக்கலாகாது. வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் கொசு நீர்மட்டத்தை ஒட்டிப் பாத்திரத்தின் பக்கங்களில் முட்டையிடும் வழக்கமுடையது.

தட்டைக் காத்தபின் மூட்டையையும் காக்க வேண்டும். களிக்குரிய தானியத்தில் வண்டு விழுந்ததும் விஷ மாத்திரை போடுவோர் உண்டு. அதிலிருந்து எழும் வாயு மனிதரையே கொல்லவல்லது; வீட்டில் அது கூடவே கூடாது. இதற்கும் விஷமில்லாத வழி ஒன்றைக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கண்டு உதவியிருக்கின்றனர். 2 மில்லிமீட்டர் துளைகள் வரிசையாக இடப்பட்ட ஒரு குழாய். அதன் அடியில் கழற்றக்கூடிய ஒரு கூம்பு. பொறியின் அமைப்பு இவ்வளவே. தானியத்தில் உள்ள வண்டு காற்றை நாடிச் செல்லும் இயல்புடையது. காற்றைத் தேடித் துளை வழியே நுழைந்தது கூம்பினுள் விழுந்து, ஏற வழியின்றி அடைபட்டுப் போகிறது. 25 கிலோ கொள்ளும் பாத்திரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பொறிகள் போதும். மேற்பரப்பிலிருந்து அரை அடிக்குள் செங்குத்தாகப் புதைத்து, வாரம் ஒருமுறை கூம்பைக் கழற்றி, சேர்ந்த வண்டுகளை அழித்துவிட வேண்டும்.

தனித்தனியே வாங்கத் தயங்கும் அங்கத்தினர்களுக்காகச் சங்கங்களே இப்பொறிகளை மொத்தமாகத் தருவித்து அடக்கவிலைக்கு வழங்கலாம். அகழித் தட்டுகளை உள்ளூர்க் குயவரிடம் செய்விக்கலாம். அவருக்கும் அது பிழைப்பாகும்.

ஏற்கெனவே பொடி தூவிய வீடுகளில் பிராணி எச்சில் ஒழுக்கி நடுங்கக் கண்டால் கைவைத்தியத்தில் காலம் போக்காமல், பொடியின் உறையையும் உடன் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும். பொடி தூவாத வீட்டில் இந்தக் கவலைக்கே இடமில்லை. நம்மை நம்பி வாசலில் கிடக்கும் வாயில்லாப் பிராணிக்கு ஒரு தட்டு நீரால் இவ்வளவு பாதுகாப்புக் கிட்டுமாயின், அதை இன்றே செய்து வைப்பது நம் கடமையன்றோ!