சாரல் காலத்தில் சாமான் அறையின் ஓதம்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதிகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தொடர்கிறது. இம்மாதங்களில் சன்னலற்ற அரங்கு வீடு, மாடிப்படியின் கீழ் உள்ள அறை, நிலத்தடி அறை ஆகியவற்றின் சுவர்களும் தரையும் ஈரமாவது வழக்கம். ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோர், கைக்குழந்தைகள், முதியோர் வாழும் வீடுகளில் இதனைத் துப்புரவுப் பிரச்சினையாக மட்டும் கருதக் கூடாது. ஓதத்தைக் கட்டுப்படுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

சுவர் ஏன் வியர்க்கிறது?

குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் படிவதைக் காண்கிறோம். அந்நீர் சொம்பிலிருந்து கசிந்ததன்று, காற்றிலிருந்து வந்ததாகும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம் மட்டுமே தாங்கும். வெப்பமான ஈரக்காற்று குளிர்ந்த சுவரைத் தொடும்போது, தாங்க இயலாத நீராவி துளியாகப் படிகிறது. வெயில் படாத அறைகளின் சுவர் வீட்டின் பிற பகுதிகளைவிடக் குளிர்ந்திருப்பதால், அங்கேயே முதலில் ஓதம் காண்கிறது.

காற்றின் ஈரமா, கசிவா?

ஓர் அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுநாடாவால் மூடி, இரண்டு நாள் விட்டுப் பார்க்கவும். அறையை நோக்கிய பக்கத்தில் ஈரம் இருந்தால் அது காற்றின் ஈரம். சுவரை ஒட்டிய பக்கத்தில் இருந்தால் நீர் சுவர் வழியே கசிகிறது. கசிவாயின் கூரை, குழாய், வடிகால் ஆகியவற்றைச் செப்பனிடாமல் வேறு எம்முறையும் பயன் தராது.

சன்னலையும் கதவையும் எப்போது திறக்கலாம்?

திறந்து வைத்தால் அறை உலரும் என்பது எப்போதும் உண்மையன்று. சில நாள் சாரலுக்குப் பின் வெயில் எழும்போது, வெளிக்காற்று சூடேறியும் ஈரமாகவும் இருக்கும்; சுவரோ குளிர்ந்தே இருக்கும். அவ்வேளையில் திறந்தால் ஓதம் மிகும். இதனை அறிய எளிய சோதனை உண்டு.

• நீர் நிறைந்த சொம்பை மூடி, அந்த அறையில் இரவு முழுவதும் வைக்கவும்.
• காலையில் வெளிப்புறத்தை நன்கு துடைத்து, திண்ணையில் வைக்கவும்.
• சில நிமிடங்களில் சொம்பின் மீது நீர்ப்படலம் தோன்றினால் அறையைத் திறக்க வேண்டாம்.
• உலர்ந்தே இருந்தால் கதவையும் சன்னலையும் எதிரெதிராகத் திறந்து, மின்விசிறியை இயக்கவும்.

வீட்டினுள் உருவாகும் ஈரத்தையும் குறைக்க வேண்டும். சமைக்கும்போது பாத்திரங்களை மூடவும். புகைபோக்கி விசிறியை இயக்கவும். ஈரத் துணிகளைச் சாமான் அறையில் உலர்த்த வேண்டாம். பொருள்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, தரையிலிருந்து உயர்த்திப் பலகை மீது வைக்கவும்.

உடல்நலப் பாதிப்புகள்

ஓதம் நீடித்தால் பூஞ்சை வளர்கிறது. அதன் நுண்விதைகள் மூச்சுக் குழாய்களை உறுத்தி இருமல், மூச்சிரைப்பு, மூக்கடைப்பை உண்டாக்குகின்றன, ஆஸ்துமாவைத் தீவிரமாக்குகின்றன. ஈரமும் பூஞ்சையும் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2009இல் வழிகாட்டுதல் வெளியிட்டு இத்தொடர்பை உறுதிப்படுத்தியுள்ளது.

மருந்துகளைப் பாதுகாத்தல்

மாதக் கணக்கில் பெறும் மருந்துகள் ஈரத்தில் வீரியம் இழக்கக்கூடும்.

• மாத்திரைகளை உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டாம். இறுக மூடும் டப்பாவில், வீட்டின் உலர்ந்த பகுதியில் வைக்கவும்.
• ஆஸ்பிரின் மாத்திரையில் புளித்த காடி மணம் வந்தால் அது சிதைந்துவிட்டது, உட்கொள்ளக் கூடாது.
• மூச்சிழுக்கும் கருவியில் இடும் பொடி கேப்சூல்கள் ஈரத்தில் இளகும். பொடி முழுமையாக வெளிவராது. பயன்படுத்தும் தருணத்தில் மட்டும் உறையைப் பிரிக்கவும்.
• சர்க்கரை அளவு காணும் பட்டைகளை அவற்றின் குப்பியிலேயே வைத்து, உடனே மூடவும். ஈரம்பட்ட பட்டை தவறான அளவைக் காட்டலாம்.

உணவுப் பொருள்கள்

பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவற்றில் அஃப்ளடாக்சின் என்னும் நச்சு உருவாகலாம். அது கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கவல்லது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக நீங்காது. கல்லீரல் அழற்சி பி உள்ளோருக்கு ஆபத்து மேலும் அதிகம். பூஞ்சை கண்ட, நிறம் மாறிய, சுருங்கிய மணிகளை உண்ணவோ கால்நடைக்கு இடவோ வேண்டாம்.

பூஞ்சையை அகற்றுதல்

மூச்சுக் கோளாறு உள்ளவர் இப்பணியில் ஈடுபடக் கூடாது. அவர் அவ்வேளையில் அறையை விட்டு விலகியிருக்க வேண்டும். செய்பவர் முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத்தூள் கரைசலால் தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலர்த்த வேண்டும். உலர்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்ட வேண்டாம். அதன் மீது சுண்ணாம்போ வண்ணமோ பூசி மறைப்பதும் பயனற்றது.

செய்யக் கூடாதவை

• மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டி உலர்த்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடு மணமின்றி உயிரைப் பறிக்கும்.
• சாம்பிராணிப் புகை நாற்றத்தை மறைக்குமே அன்றி ஈரத்தைப் போக்காது; ஆஸ்துமாவைத் தூண்டும்.
• பிளீச்சிங் பவுடருடன் கழிப்பறை அமிலத்தைக் கலக்கக் கூடாது. நச்சுவாயு வெளிப்படும்.
• தானியத்துக்கு இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகள் ஈரக்காற்றில் பாஸ்பீன் என்னும் கொடிய வாயுவை வெளியிடும். ஓதமுள்ள வீட்டில் அவை இருப்பதே உயிருக்கு ஆபத்து.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலும், அந்த அறைக்குச் சென்ற பின் இளைப்பு மிகுந்தாலும், இரவில் மூச்சுத் திணறி விழிக்க நேர்ந்தாலும் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். வீட்டின் ஓதம் பற்றி மருத்துவரிடம் கூறவும். வழக்கமான இன்ஹேலர் மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலமாதல், மருந்து இழுத்தும் திணறல் தணியாமை ஆகியவை அவசர அறிகுறிகள். உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.