நடுங்கும் கையும் பூனைக்காலி விதையும்

மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள லெம்பா பெர்த்தாம் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறித்தே ஆயுளில் பாதியைக் கழித்துவிட்டு, வயோதிகத்தில் லயத்து வீட்டு வாசலில் அமர்ந்திருக்கும் ஒரு பாட்டியின் வலக்கை, மடியில் சும்மா கிடக்கும்போது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஓயாமல் நடுங்குவதையும், தேநீர்க் குவளையை எடுக்க நீட்டியவுடன் அந்நடுக்கம் தணிவதையும் காணும் பிள்ளைகள், இது மூப்பின் இயல்பென்று வாளாவிருந்துவிடுவது பெருந்தவறு. ஓய்விலே தோன்றிச் செயலிலே அடங்கும் இந்நடுக்கம், 1817-இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த வியாதியின் பிரதான லக்ஷணம். வேலை செய்கையில் மிகும் நடுக்கமோ பெரும்பாலும் வேறு வகை, அதற்கு மருந்தும் வேறு.

மூளையில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் உயிரணுக்கள் படிப்படியாக நசிப்பதே இந்நோயின் மூலம். டோபமினை நேரே கொடுத்தால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகாது. புகுந்தபின் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற பொருளோ, இந்திய நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட பூனைக்காலி விதையிலேயே இருக்கிறது. அதை அவ்விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்ட தாமோதரன், ராமசுவாமி இருவரும் சென்னைச் சர்வகலாசாலையில் ஆராய்ந்தவர்கள் என்பதை எண்ணும்போது நெஞ்சு பூரிக்கிறது. எனினும் அளவு நிச்சயமில்லாத விதைப்பொடியை வீட்டில் இடித்துக் குடிப்பது உசிதமன்று.

இன்று லெவோடோபாவை, அது மூளையை அடையுமுன் வீணாகாதபடி, கார்பிடோபா அல்லது பென்செராசைடு சேர்த்துத் தருகிறார்கள். பருப்பு, பால், மீன் ஆகியவற்றின் புரதம் அதைத் தடுக்கக்கூடுமாதலால், சாப்பாட்டுக்கு அரைமணி முன்னதாக விழுங்குவது நலம். விறைப்பும் மந்தமும் இதற்கு நன்றாக இணங்குகின்றன. நடுக்கம் மட்டும் சிலரிடம் பிடிவாதமாக நிற்கும். அத்தகையோருக்குப் பிராமிபெக்சோல் என்ற மருந்து உதவலாம். ஆனால் திடீர்த் தூக்கமும், சிலருக்குச் சூதாட்டம் போன்ற அடக்கவியலா மோகமும் அதனால் உண்டாகலாம். டிரைஹெக்ஸிஃபெனிடில் என்ற மருந்து நடுக்கத்தைக் குறைப்பதில் பழம்பெயர் பெற்றது. ஆயினும் வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி, மனக்குழப்பம் ஆகியவற்றை அது விளைவிப்பதால், முதியோருக்கு அதை எழுதித்தர வைத்தியர்கள் தயங்குவது முற்றிலும் நியாயம். மருந்துக்கு அடங்காத கடும் நடுக்கத்திற்கு மூளையில் மின்முனை பதிக்கும் சத்திர சிகிச்சையும் உண்டு.

எந்த மருந்தாயினும், குணம் தெரியவில்லையென்று தாமாகவே சட்டென நிறுத்தலாகாது; லெவோடோபாவை அவ்வாறு நிறுத்தினால் கடுஞ்சுரமும் உடல் விறைப்பும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் போக்குவரத்து தடைப்படுமாதலால், கடைசி மாத்திரை தீரும்வரை காத்திராமல் முன்கூட்டியே அம்மலையிலுள்ள தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குச் சென்று மருந்து வாங்கி வைப்பது வீட்டாரின் கடமை.