பவளத்துக்கும் பசிக்கும்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிற பலர் விளக்குக்குப் பணத்தை வாரி இறைப்பார்கள். தீனி என்று வந்தால் கையை இறுக்கிக்கொள்வார்கள். வெளிச்சம் பட்டால் தானாக வளர்ந்துவிடும் என்று நம்பிக்கை. பாதி உண்மைதான். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. அன்றாடப் பாட்டுக்கு அது ஆகும். உடம்பு வளர நைட்ரஜனும் பாஸ்பரசும் வேண்டுமே? அதற்குப் பவளம் வேட்டையாடுகிறது. 1928-29இல் ஆஸ்திரேலியாவின் லோ தீவுகளில் தங்கி ஆராய்ந்த சி. எம். யங், பவளம் ஊன் தின்னும் பிராணி என்று அடித்துச் சொன்னார்.

இதைக் கண்ணால் பார்க்கச் சூரியப் பவளம் போதும். அதற்குள் பாசியே கிடையாது. எந்த விளக்கும் அதற்குச் சோறு போடாது. சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கூடத்துத் தொட்டியில், பாறை நிழலில் அதை வைத்திருக்கிறேன். (இந்தியாவில் கல்பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அங்கே யாராவது விற்றால் வாங்காதீர்கள்.) பகலெல்லாம் ஆரஞ்சுக் குமிழ்களாகச் சுருங்கிக் கிடக்கும். இரவு விளக்கணைத்த பிறகு, உறைய வைத்த மைசிஸ் இறாலைக் கரைத்த தண்ணீரில் சில சொட்டு அதன் பக்கத்தில் விடுவேன். வாடை பட்டதும் மஞ்சள் கொம்புகள் ஒவ்வொன்றாக நீளும். பம்பை நிறுத்திவிட்டு, நீளமான பிப்பெட்டால் வாய்க்கு ஓர் இறாலாக வைப்பேன். கொம்பு தொட்ட இறால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கொட்டும் செல்களின் வேலை. கொம்புகள் உள்ளே மடங்க, நடுப்பிளவு அகல, இறாலின் கருங்கண்கள் இரண்டும் மெல்ல மறையும். அந்தக் காட்சி எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

திருடனும் உண்டு. தொட்டியிலுள்ள சிவப்புக்கோட்டு இறால், பவளத்தின் வாய்க்குள் காலை விட்டே பிடுங்கித் தின்னும். குளிர்பான பாட்டிலின் மேல்பாதியை வெட்டி மேலே கவிழ்த்து, கழுத்து வழியாகத் தீனி விட்டால் தொல்லை தீர்ந்தது.

வாய் சிறுத்த பவளங்களுக்கு மைசிஸ் பெரிது. ஆர்ட்டீமியா முட்டையை உப்புநீரில் போட்டுக் காற்று விட்டால் ஒரு நாளில் பொரியும். குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மஞ்சள்கரு வற்றுவதற்குள் கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் சத்து.

மிஞ்சிய தீனி அழுகினால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி, பாறையெல்லாம் பாசி படரும். அதற்குப் பயந்து இரண்டையும் சுத்தமாகத் துடைத்தெடுப்பவர்களின் பவளங்கள்தான் நிறம் வெளுத்துப்போகின்றன. நான் நைட்ரேட்டை 5 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 பிபிஎம் அளவில் வைத்துக்கொள்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று இரவு பவளத்துக்குத் தீனி. மீன்களுக்குத் தினமும், தாராளமாக. மீன் கழிவும் பவளத்துக்கு உணவுதான்.