தலைசுற்றலுக்குக் கழுத்துதான் காரணமா?

தலைசுற்றல் நோயன்று, நோயின் அறிகுறி. கண், உட்செவி, தசை மூட்டுகளிலுள்ள உணர்நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளை ஒப்புநோக்கியே மூளை உடலின் சமநிலையைக் காக்கிறது. கழுத்தெலும்புகள் ஏழனுள் மேலுள்ள மூன்றைச் சூழ்ந்த மூட்டுகளிலும் தசைகளிலும் இவ்வுணர்நரம்புகள் செறிந்துள்ளன. அடிபட்டோ இறுகியோ அவை பிழையான செய்தியை அனுப்பினால், கண்ணும் செவியும் கூறுவதோடு அது முரண்படும், தள்ளாட்டம் தோன்றும். 1955ஆம் ஆண்டிலேயே ரயான், கோப் என்னும் மருத்துவர் இருவர் இதனைக் கழுத்துவழித் தலைசுற்றல் என விவரித்தனர்.

ஆயினும் கழுத்துவலியும் தலைசுற்றலும் ஒருங்கே இருப்பதனாலேயே ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது. முதியோர் பலரின் எக்ஸ்ரே படத்தில் எலும்புத் தேய்மானம் தெரியும்; அவர்கள் எல்லோர்க்கும் தலை சுற்றுவதில்லை. இதனை உறுதிசெய்யும் தனிச் சோதனையும் இல்லை. பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே கழுத்தின்மீது பழி சுமத்தலாம்.

தொழுகையாளர் தம் அனுபவத்தைக் கூறியே மருத்துவருக்கு உதவலாம். ஸஜ்தாவிலிருந்து எழுந்து நிற்கையில் கண் இருண்டால் இரத்த அழுத்தத் தாழ்வை முதலில் ஐயுற வேண்டும். குனியும்போதும் படுக்கையில் புரளும்போதும் சில நொடிகள் உலகமே சுழன்றால், உட்செவியில் இடம்பெயர்ந்த சுண்ணாம்புத் துகள்கள் காரணமாகலாம். ஸலாம் கொடுக்கத் திரும்புகையில் வலியும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் கழுத்தை ஐயுறலாம். ஆனால் அப்போது செவியும் உடன் திரும்புவதால் அதுவே முடிவாகாது. எனவே சுழல்நாற்காலியில் அமர்த்தி, தலையை அசையாது பிடித்து, உடலை மட்டும் திருப்பிப் பார்ப்பர். செவி அசையாத அந்நிலையிலும் தள்ளாட்டம் வந்தால் ஐயம் வலுக்கும்.

கழுத்தே காரணமெனில், இயன்முறை மருத்துவர் மூட்டுகளை மென்மையாக இளக்குவார். கழுத்தின் ஆழ்தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும், பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையைத் திருப்பும் பயிற்சியையும் அளிப்பார். கழுத்துப்பட்டையை நெடுநாள் அணிந்தால் தசை நலியும். முடிதிருத்தகத்தில் கழுத்தை நெட்டி முறித்துக்கொள்வது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயைக் கிழித்துவிடவும் கூடும்.

தலைசுற்றலோடு நாக்குழறல், இரட்டைப் பார்வை, முகக் கோணல், கைகால் தளர்ச்சி, திடீரென எழும் கடுந்தலைவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அது பக்கவாதமாக இருக்கலாம். ‘தேய்மானந்தானே’ என்று வீட்டிலிருப்பது உயிருக்கே கேடாகும். உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.

நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதனைப் பெறும் பெரியோர், நிற்க இயலாமைக்குரிய காரணத்தையும் ஆராய்ந்தறிவாராக. உடலும் இறைவன் தந்த அமானிதமன்றோ!