எந்த எலி, எந்த ஓட்டை?

காவிரிப் படுகையின் பழைய ஓட்டு வீடுகளில், விளக்கை அணைத்த பிறகுதான் பரணில் குடித்தனம் தொடங்கும். மறுநாள் காலை கடைக்குப் போய் எலி மருந்து கேட்பது வழக்கம். அதற்கு முன்னால், வந்திருப்பது யார் என்று பார்த்துவிடுவது நல்லது. பத்தாயத்துக்குப் பின்னால் கிடக்கும் புழுக்கை அரிசி மணி அளவில், முனை கூர்ந்திருந்தால் சுண்டெலி. அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளமென்றால் உத்திரத்தில் ஓடும் வீட்டெலி. சுவரோரம் மண்ணைக் குவித்துத் தள்ளியிருந்தால் பெருச்சாளி. அது அஸ்திவாரத்துக்கே பகை. மூஞ்சூறு இந்தக் கணக்கில் வராது. எலிக் கூட்டத்தோடு அதை நாம்தான் சேர்த்துவிட்டோம். அது கொறிக்கும் பிராணியே அல்ல, கரப்பானையும் பூச்சியையும் தின்பது. நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால், பொறியில் சிக்கியதைத் திறந்து விட்டுவிடலாம்.

சுண்டெலி நம்மோடு குடியேறியது விவசாயத்துக்கும் முன்பு. இன்றைய இஸ்ரேல் பகுதியில், வேட்டையாடிக்கொண்டே ஓரிடத்தில் தங்கத் தொடங்கிய மக்களின் குடியிருப்புகளில் சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முந்தைய வீட்டுச் சுண்டெலிப் பற்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அதன் வாழ்க்கைக் கணக்கு ஒன்றுதான்: 20 நாள் சினை, ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, ஆறேழு வாரத்தில் அந்தக் குட்டியும் சினைப்படும். நாளுக்குத் தின்பது 3 கிராம் தானியம்தான். அதன்மேல் மூத்திரம் பெய்து பாழாக்குவதுதான் பெரிய நஷ்டம். தண்ணீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தும் பயனில்லை. தானியத்தில் இருக்கும் ஈரத்தை வைத்தே பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். பூனை வளர்க்கலாம், ஆனால் பூனை சுவருக்குள் போகாது.

மருந்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும், பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனப்பயிரைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதர்களுக்கே ரத்தக்கட்டைத் தடுக்கும் மாத்திரையாகவும் ஆனது. ரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடலில் மறுசுழற்சி ஆவதை அது தடுக்கிறது. உடனே கொல்லாது, சில நாள் ஆகும். அதனால் தின்ற எலிக்கு இரைமேல் சந்தேகம் வராது. ஆனால் பத்து ஆண்டுக்குள், 1958இல், ஸ்காட்லாந்தில் இதற்கு அசையாத எலிகள் தென்பட்டன.

சுண்டெலி செய்தது இன்னும் விசித்திரம். வார்ஃபரினைத் தாங்கும் மரபணு ஐரோப்பாவின் சில வீட்டுச் சுண்டெலிகளுக்கு அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேறோர் இனத்திடமிருந்து கலப்பால் வந்திருக்கிறது என்று 2011இல் தெரியவந்தது. இரண்டு இனமும் பிரிந்து பத்து லட்சம் ஆண்டுக்கு மேலாகிறது. கலப்பில் பிறக்கும் ஆண்கள் பெரும்பாலும் மலடு. அப்படியும் அந்த ஒரு மரபணு தாண்டி வந்துவிட்டது! இதற்கிடையே, மருந்து தின்று தள்ளாடும் எலியைத் தூக்கிப்போகும் கூகையும் அதே நஞ்சில் மாட்டிக்கொள்கிறது. என் பார்வையில் மருந்து கடைசி வழி. குழந்தைகள் தவழும் வீட்டில் அதுவும் வேண்டாம்.

மரபணு மாறும். மண்டையோட்டை அவ்வளவு சீக்கிரம் சுருக்கிக்கொள்ள முடியாது. சுண்டெலிக்குக் காறை எலும்பே கிடையாது, எந்தச் சந்திலும் மடங்கிப் போகும் என்பது வெறும் கதை. எலும்பு இருக்கிறது, தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், அவ்வளவுதான். இளம் சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் போதும். ஒரு பென்சிலோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். உத்திரம் சுவரில் செருகும் இடம், தேய்ந்த வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவே, முற்றத்துத் தண்ணீர் வெளியேறும் துளை, வயர் இழுக்கக் குடைந்து அப்படியே விட்ட ஓட்டை: பென்சில் போகும் இடமெல்லாம் வாசல். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே பூச வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு சரியாகப் பிடிக்காது, ஓரத்தில் விரிசல் விடும். சுண்ணாம்புக் காரையே மேல். தண்ணீர்த் துளைக்கு நெருக்கமான கம்பி வலை. நாட்டு ஓட்டுக் கூரையை முழுக்க அடைப்பது நடக்காத காரியம். அதனால் நெல்லும் பருப்பும் இருக்கும் அறையை மட்டுமாவது இறுக்கிவிட்டு, மற்றதை மூடி போட்ட தகர டின்னில் வைப்பதே புத்திசாலித்தனம். அறுவடை நெல் உள்ளே வருவதற்கு முன், மார்கழியிலேயே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

அடைத்த பிறகு உள்ளே மிச்சமிருப்பவற்றுக்குத்தான் பொறி. சுண்டெலி கூட்டிலிருந்து சில மீட்டருக்கு அப்பால் அதிகம் போகாது. ஆனால் ஒரே இரவில் இருபது முப்பது இடத்தில் கொறிக்கும். எனவே நடுக்கூடத்தில் ஒரே பொறி வைத்துக் காத்திருப்பது வீண். மீசை சுவரில் உரச ஓடும் பிராணி அது. நாலைந்து பொறிகளைச் சுவரை ஒட்டி, நெருக்கமாக வைக்க வேண்டும். சுட்ட தேங்காய்ச் சில்லு கடுகளவு போதும். குட்டி போடும் பெண்ணெலிக்குப் பஞ்சுத் துணுக்குகூட இரைதான். மீயொலி எழுப்பி எலியை விரட்டும் என்று விற்கும் கருவிகளுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். ஆதாரம் காட்டச் சொல்லி அமெரிக்க வணிக ஆணையம் 2001இல் 60க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

வீட்டெலிக்கு இந்த அவசரம் ஒத்துவராது. சுண்டெலி புதுப்பொருளைக் கண்டால் முகர்ந்து பார்க்க வரும். வீட்டெலியோ நாள்கணக்கில் ஒதுங்கிப் போகும். பொறியின் கதவு விழாதபடி கட்டிவைத்துவிட்டு, சில இரவு மசால் வடை விருந்து போட வேண்டும். வடை தவறாமல் காணாமல் போகத் தொடங்கிய பிறகு கட்டை அவிழ்க்கலாம்.