தாழ்ந்த குரல்

வன்னியில் மின்சாரம் இல்லாதிருந்த 1990களில், துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நம்மவர்க்கு, ஒரு குரலின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கைக் கத்தோலிக்க இல்லங்கள் பலவற்றில் நத்தார் காலத்தில் ஒலித்துவந்த ஆங்கிலக் குரல்களுள் ஒன்று ஜிம் றீவ்ஸ் அவர்களுடையது.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் 1923இல் பிறந்த அவர், கைக்குழந்தையாக இருக்கையிலேயே தந்தையை இழந்தார். தாய் வயலில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பேஸ்போல் வீரராகும் கனவு காலில் ஏற்பட்ட காயத்தோடு முடிந்தது. வானொலி அறிவிப்பாளரானார், பின்னரே பாடகர்.

‘கன்ட்ரி’ எனப்படும் அந்நாட்டுக் கிராமிய இசையைத் தொடக்கத்தில் அவரும் உரத்த குரலிலேயே பாடினார். 1957இல் ஒரு பாடலுக்காக ஒலிவாங்கியை உதடுகள் தொடுமளவுக்கு நெருங்கி, பக்கத்திலிருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடினார். அக்குரலே உலகெங்கும் சென்றது. ஓரேபு மலையில் ஆண்டவர் எலியாவுக்குப் பெருங்காற்றிலன்றி மெல்லிய ஒலியில் வெளிப்பட்டதை (1 அரசர் 19) இங்கு நினைவுகூரலாம். ஒலிபெருக்கியை உச்சத்தில் வைக்கும் நம் பாடகர் குழுவினரும் நினைவுகூர்வது நன்று!

1962இல் பக்திப்பாடல் தொகுப்பும் 1963இல் நத்தார் இசைத்தட்டும் வெளிவந்தன. 1964 யூலை 31ஆம் நாள், அவரே ஓட்டிச்சென்ற சிறு விமானம் நாஷ்வில் நகரருகே இடிமழையில் சிக்கி வீழ்ந்தது. இரண்டு நாள் தேடலின் பின்னரே உடல் கிடைத்தது. வயது 40.

துணைவியார் மேரி, எஞ்சிய ஒலிப்பதிவுகளைப் பேணி ஆண்டுக்கணக்கில் வெளியிட்டுவந்தார். பிள்ளையின் குரல் பதிந்த ஒலிநாடாவை இடப்பெயர்வுகளுக்கிடையே காத்த தாய்க்கு அம்மனம் விளங்கும். 1966இல், அவர் மறைந்து இரண்டு ஆண்டுகளின் பின், பிரித்தானியாவில் அவருடைய பாடலொன்று ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.