அடுப்பங்கரைச் சோப்பும் அரசாங்க உரிமமும்

நலங்கு மாவு அரைத்தலும், மருதாணி இலை பறித்து அரைத்துப் பூசுதலும், செம்பருத்தி இட்டு எண்ணெய் காய்ச்சுதலும் நம் இல்லங்களில் புதியவை அல்ல. பிள்ளை பெற்ற வீட்டிலும் நிக்காஹ் நிச்சயிக்கப்பட்ட வீட்டிலும் மூத்த பெண்மணி ஒருவர் இவற்றைப் பக்குவம் தவறாமல் செய்து தருவார். அண்மைக் காலமாக இக்கைப்பழக்கம் வணிகமாக உருமாறி வருகின்றது. குப்பைமேனிச் சோப்பு, கற்றாழைக் களிம்பு, கஸ்தூரி மஞ்சள் பொடி என்று வீட்டுக்கு வீடு ஒரு பெயரில் விற்பனை நடக்கின்றது. ரமளான் பிறை பிறந்துவிட்டாலோ தெருவுக்கு இரண்டு வீடுகளில் மருதாணிக் கோன் சுற்றப்படுகின்றது.

வெளியில் சென்று பணியாற்ற இயலாத சகோதரிகளுக்கு இது கண்ணியமான வருவாய் என்பதில் ஐயமில்லை. எம்மிடம் ஓதிச் சென்ற மாணவியர் சிலரும் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். "அரசாங்க உரிமம் உண்டா அம்மா?" என்று வினவினால், "உத்யம் பதிவு இருக்கிறது ஹஜ்ரத்" என்று ஒருவர் கூறுகின்றார். "உணவுப் பாதுகாப்புத் துறையின் எண் வாங்கிவிட்டோம்" என்று மற்றொருவர் கூறுகின்றார். இரண்டும் உரிமம் ஆகா என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பார் இல்லை.

2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு, இத்தகைய சிறுதொழில் ஒன்று இருக்கின்றது என்பதற்கான சான்று மட்டுமே. கட்டணம் ஏதுமின்றிக் கிடைக்கும் அச்சான்று எதனையும் தயாரிக்க அனுமதி தருவதில்லை. உணவுத்துறையின் எண் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் உரியது. வீட்டுச் சமையலறையில் செய்யும் பண்டத்துக்கும் அது கிடைக்கும். ஆனால் மேனியில் பூசும் பொருளுக்கு அது செல்லாது. ஜி.எஸ்.டி. எண்ணோ வரி செலுத்துவதற்கானது.

உடலில் தேய்த்தும், ஊற்றியும், தூவியும், பூசியும் தூய்மைக்காகவோ அழகுக்காகவோ பயன்படும் பொருள் யாதாயினும் அது ஒப்பனைப் பொருள் என்கின்றது 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருட்கள் சட்டம். தொடக்கத்தில் சோப்பு இதற்கு விலக்காக இருந்தது. 1982ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அவ்விலக்கு நீக்கப்பட்டது. 'சோப்புக்கு உரிமம் தேவையில்லை' என்று இன்றும் சில பயிற்சி வகுப்புகளில் கூறப்படுவது பிழையாகும். 2020 டிசம்பரில் ஒப்பனைப் பொருட்களுக்கென்றே தனி விதிகள் வெளியாயின. விற்பனைக்காகத் தயாரிப்பவர் அவ்விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் சி.ஓ.எஸ். 5 எனும் படிவத்தில் விண்ணப்பித்து, சி.ஓ.எஸ். 8 எனும் உரிமத்தைப் பெறல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிய கட்டணம் செலுத்திவந்தால் அது தொடர்ந்து செல்லும்.

இங்குதான் நம் சகோதரிகள் பலருக்கும் அதிர்ச்சி காத்திருக்கின்றது. தயாரிப்புக்கூடம் குடியிருப்பாகப் பயன்படலாகாது. குடியிருப்போடு இணைந்திருத்தலும் ஆகாது. சுவர்கள் கழுவித் துடைக்கத் தக்கனவாக இருத்தல் வேண்டும். ஆகவே அடுப்பங்கரைக்கு எக்காலத்தும் உரிமம் கிடைக்காது. இவ்விதி ஏழைப் பெண்களுக்கு இழைக்கப்படும் அநீதி என்று முதலில் தோன்றலாம். ஆயின் குழந்தை தவழும் தரையில் காஸ்டிக் சோடாக் கரைசலை வைத்திருப்பதைக் கண்டோர் அவ்வாறு கூறமாட்டார்.

சோப்பின் நுட்பமே அக்காரத்தில்தான் உள்ளது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுமையாகச் சோப்பாக மாற ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா தேவை. வேப்பெண்ணெய்க்கோ 140 கிராம் அளவே போதும். எண்ணெய்க்கு எண்ணெய் கணக்கு மாறுபடுவதை அறியாமல் குத்துமதிப்பாகக் கலந்தால் காரம் மிஞ்சித் தோலைப் புண்ணாக்கும். இதனாலேயே கைதேர்ந்தவர்கள் எண்ணெயில் ஒரு சிறு பங்கு மாறாமல் எஞ்சும்படி காரத்தைக் குறைத்து இடுகின்றனர்; வார்த்த கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம் உலரவும் விடுகின்றனர்.

கற்றாழைக் களிம்பின் கதை வேறு. நீர் சேர்ந்த எப்பொருளிலும் கிருமிகள் வளரும். இலைச்சாறு அவற்றுக்கு விருந்து. வைட்டமின் 'ஈ' மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாது என்பது பரவலான நம்பிக்கை. அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தாமதப்படுத்துமேயன்றிக் கிருமிகளைத் தடுக்காது. உரிய பதனப்பொருள் சேராத களிம்பு, நிறமும் மணமும் மாறாத நிலையிலேயே நோய்க்கிருமிகளைச் சுமந்திருக்கக் கூடும். ஆதலின் புதிதாகத் தொடங்குவோர் நலங்கு மாவு போன்ற உலர்பொடிகளையும் நீர் கலவாத எண்ணெய்களையும் முதலில் எடுத்துக்கொள்ளல் நன்று. அவற்றுக்கும் உரிமம் தேவைதான். ஆயினும் கெடும் அச்சம் குறைவு.

மருதாணியைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். தூய மருதாணி செம்மஞ்சளாகத் தொடங்கிச் செம்பழுப்பாகக் கனியும், கருமையாகப் பற்றாது. பத்து நிமிடத்தில் கறுப்பாகச் சிவக்கும் கோன் எனில், அதில் தலைமுடிச் சாயத்துக்குரிய பாராபினைலீன்டையமின் எனும் வேதிப்பொருள் கலந்திருக்க வாய்ப்புண்டு. இதனால் கை கொப்புளித்து, வடு மறையாமல், பின்னாளில் எந்த முடிச்சாயமும் ஒவ்வாத நிலைக்கு ஆளானோர் பல நாடுகளிலும் உளர். கோன் சுற்றும் சகோதரி தூளை எங்கிருந்து வாங்குகின்றார் என்பதே கேள்வி. சுர்மாவும் இத்தகையதே. மரபாக விற்கப்படும் சுர்மாக்களுள் பல ஈய சல்பைடு எனும் கனிமத் தூளாகும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பச்சிளங்குழந்தையின் கண்ணில் அதனை இடுதல் தகாது.

அழகூட்டும் களிம்புகளால் நேர்ந்த கேடு ஒன்று அண்டை மாநிலத்திலேயே பதிவாகியுள்ளது. மலப்புறம் மாவட்டம் கோட்டக்கலில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதுற்றுப் புரதம் வெளியேறும் நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அப்பதினைவருள் 13 பேர் சிவப்பழகுக் களிம்புகளைப் பூசி வந்தவர்கள் எனத் தெரிந்தது. களிம்புகளைச் சோதித்தபோது பாதரசம் மிகுந்து காணப்பட்டது. நம் நாட்டு விதிகளின்படி பாதரசத்தை வேண்டுமென்று சேர்த்தலே கூடாது; தற்செயலாகக் கலப்பதும் பத்து லட்சத்தில் ஒரு பங்கை விஞ்சலாகாது. கண்ணருகே இடும் பொருட்களுக்கு மட்டும் எல்லை வேறு. மொத்த வியாபாரியிடம் பெயரற்ற களிம்பை வாங்கி, டப்பாவில் அடைத்துத் தம் பெயரை ஒட்டி விற்போர் இதனைச் சிந்திக்கட்டும்.

பொருள் தூயதாயினும் வாய்ச்சொல் அதனை மருந்தாக்கிவிடும். 'சருமம் தூய்மையாகும்' என்று எழுதினால் அது ஒப்பனைப் பொருள். 'தேமல் நீங்கும், சொறி குணமாகும்' என்றால் அது மருந்து. அதற்குச் சித்த அல்லது யுனானி மருந்து தயாரிக்கும் தனி உரிமம் வேண்டும். வெண்படையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையோ 1954ஆம் ஆண்டுச் சட்டம் அறவே தடுக்கின்றது. வாடிக்கையாளர் எழுதிய பாராட்டை அப்படியே வெளியிட்டாலும் பொறுப்பு விற்பவருடையதே.

சிட்டையில் பொருளின் பெயர், தயாரித்த இடத்தின் முழு முகவரி, உரிம எண், தயாரிப்புத் தொகுதியின் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, எடையில் மிகுந்தது முதலாகச் சேர்மானங்கள் ஆகியன இடம்பெறல் வேண்டும். எடையளவுச் சட்ட விதிகளின்படி நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் தெரிவிக்கும் முகவரி ஆகியவையும் தேவை. பொட்டலமிடுவோர் இதற்கெனப் பதிவும் செய்துகொள்ள வேண்டும். தமிழகத்தில் இது தொழிலாளர் துறையைச் சார்ந்தது. 'ஹலால்' என்று எழுத விரும்புவோர், தாம் வாங்கும் கிளிசரினும் ஸ்டியரிக் அமிலமும் தாவரத்திலிருந்து வந்தவையா, விலங்குக் கொழுப்பிலிருந்து வந்தவையா என்பதை எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் உரிமம் இல்லை, தனிக்கட்டடம் எழுப்பப் பொருளும் இல்லை எனில் செய்வது யாது? சட்டமே ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளது. உரிமம் பெற்ற ஒருவரது கூடத்தில், அவரது சாதனங்களைக் கொண்டு, தம் பொருளைத் தயாரித்துக்கொள்ளத் தனி உரிமம் உண்டு. சி.ஓ.எஸ். 6இல் விண்ணப்பித்தால் சி.ஓ.எஸ். 9 எனும் உரிமம் கிடைக்கும். ஆங்கிலத்தில் இதன் பெயர் 'லோன் லைசென்ஸ்'. பெயரைக் கேட்டு வட்டிக்கடன் என அஞ்சி விலகியோரும் உண்டு! இதில் இரவலாகக் கிடைப்பது இடமும் இயந்திரமுமே. அதுவும் இயலாதெனில், உரிமம் உள்ள தயாரிப்பாளரிடம் செய்து வாங்கி, தயாரித்தவர் இன்னார், விற்பவர் இன்னார் என இருவர் பெயரையும் அச்சிட்டு விற்கலாம். வெறும் விற்பனைக்குத் தனி உரிமம் கேட்கப்படுவதில்லை.

இவ்வழியை நம் ஜமாஅத்துகள் கையிலெடுத்தால் என்ன? மஹல்லாவுக்குச் சொந்தமான கட்டடங்கள் சில ஊர்களில் ஆண்டில் பத்து நாள் விருந்துக்கு மட்டுமே திறக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை, குடியிருப்போடு ஒட்டாததைத் தேர்ந்து, சுவரும் தரையும் செப்பனிட்டு, தராசும் கலவைக் கலன்களும் உலர்த்தும் தட்டுகளும் வாங்கி, ஒரே உரிமத்தின்கீழ் கொண்டுவரலாம். சகோதரிகள் அவரவர் லோன் லைசென்ஸுடன் முறை வைத்து அங்கு வந்து தயாரிக்கலாம். மேற்பார்வைக்கு முழுநேரத் தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் மருந்தாளுநர் படிப்புப் படித்தவராகவோ, வேதியியலை ஒரு பாடமாகக் கொண்டு மேல்நிலை வகுப்பில் தேறியவராகவோ இருந்தால் போதும். அத்தகைய பெண்பிள்ளைகள் நம் தெருக்கள்தோறும் வேலையின்றி இருக்கின்றனர்.